வைரம் தேடினார், கார்போரண்டம் கிடைத்தது!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார்த் தொழிற்சாலைகளும் பெரிய கிடங்குகளும் வரிசையாக எழுந்துள்ளன. அவற்றின் தரை கான்கிரீட் தரை. தரை போட்டு ஒரு நாள் ஆவதற்குள் ஆட்கள் வெட்டும் யந்திரத்தோடு வந்து விடுவார்கள். புதுத் தரையைக் கட்டம் கட்டமாகக் கீறுவார்கள்.

போட்ட தரையை ஏன் வெட்ட வேண்டும்? கான்கிரீட் காயும்போது சுருங்கும். சுருங்கினால் விரிசல் விடும். அந்த விரிசல் கண்ட இடத்தில் ஓடாமல், கீறிய கோட்டுக்கு அடியிலேயே ஓடட்டும் என்றுதான் தரையின் கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு வெட்டுகிறார்கள்.

கான்கிரீட்டில் கருங்கல் ஜல்லி இருக்கிறது. உளியும் சம்மட்டியும் கொண்டு அதை உடைக்கலாம். நூல் பிடித்தாற்போல் வெட்ட முடியாது. அதற்குச் சுழலும் சக்கரம் வேண்டும். அந்தச் சக்கரத்துக்கு ரம்பத்தைப் போலப் பல் கிடையாது. கல்லைவிடக் கடினமான பொடி அதில் பதிந்திருக்கும். அந்தப் பொடி தேய்த்துத் தேய்த்தே கல்லைப் பிளந்து விடும்.

அப்படிப்பட்ட பொடி ஒன்றை மின்சார உலையில் செய்து காட்டியவர் எட்வர்டு அச்சிசன்.

பள்ளியை விட்ட பையன்

அச்சிசன் 1856-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தை இரும்புத் தொழிலில் இருந்தவர். 1873-ல் அமெரிக்காவில் வியாபாரம் படுத்து விட்டது. அந்தச் சமயத்தோடு பையனின் பள்ளிப் படிப்பும் நின்றது. தந்தை இறந்தார். குடும்பப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

ரயில் பாதை அளக்கும் வேலை உள்படக் கிடைத்த வேலையை எல்லாம் பார்த்தார். இரவில் மின்சாரத்தைப் பற்றிப் படித்தார்.

1880-ல் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. எடிசன் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து நாடுகளில் மின்சார விளக்குப் போடும் வேலையில் அச்சிசன் இருந்தார். பிறகு அமெரிக்கா திரும்பினார். எடிசனிடமே இருந்திருந்தால் கவலை இல்லாமல் காலம் தள்ளியிருக்கலாம். அவருக்கு அது பிடிக்கவில்லை. தானே ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

பென்சில் முனையில் ஒரு பொட்டு

வைரமும் கரியும் ஒரே சரக்கு. அப்படியானால் கரியிலிருந்து வைரத்தை, அல்லது வைரம் போல் கடினமான ஒரு பொருளை, ஏன் செய்யக் கூடாது என்று நினைத்தார்.

அது 1891-ம் ஆண்டு. மொனங்கஹேலா என்ற சிறு ஊரில் அவர் இருந்தார். ஓர் இரும்புச் சட்டியில் களிமண்ணையும் கற்கரித் தூளையும் கலந்து நிரப்பினார். நடுவில் ஒரு கரிக் கம்பியைச் செருகி, பலத்த மின்சாரத்தைப் பாய்ச்சினார். சட்டி ஆறியது. கம்பியின் நுனியில் மின்னும் பொட்டுகள் சில ஒட்டியிருந்தன.

அவற்றில் ஒன்றைப் பென்சில் முனையில் ஒட்டி ஜன்னல் கண்ணாடியில் இழுத்தார். கண்ணாடி கீறிக்கொண்டது!

அது வைரம் அல்ல. கரியும் களிமண்ணில் உள்ள அலுமினியச் சத்தும் சேர்ந்தது என்று அவர் எண்ணினார். அலுமினியச் சத்துள்ள கடினமான கல்லுக்கு ஆங்கிலத்தில் கொரண்டம் என்று பெயர். ஆகவே கரிக்கு ஆங்கிலப் பெயரான கார்பனையும் கொரண்டத்தையும் சேர்த்துக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது கரியும், மணலில் உள்ள சிலிக்கனும் சேர்ந்தது. தவறாக வைத்த பெயர் அப்படியே நிலைத்து விட்டது.

அந்தக் கொரண்டம் எங்கிருந்து போன சொல் தெரியுமா? நம் தமிழின் குருந்தம்தான்! குருந்தக் கல்லைப் பொடித்து, அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்வது நம் நாட்டின் பழைய தொழில்.

கம்பெனி கைவிட்டுப் போனது

முதலில் செய்த பொடி ஒரு சிறு குப்பி அளவுதான். அதை நியூயார்க்கில் மணிக்கற்களுக்குப் பட்டை தீட்டுபவர்களிடம் விற்றார். காரட் 40 சென்ட். ஏறக்குறைய நகை விலை! 1893-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

நிறையச் செய்தால்தான் விலை குறையும். அதற்கு நிறைய மின்சாரம் வேண்டும். நயாகரா அருவியில் அப்போது மின்சார நிலையம் கட்டிக் கொண்டிருந்தார்கள். அங்கே போய் 1,000 குதிரைத்திறன் மின்சாரம் வாங்கலாம் என்றார் அச்சிசன். இருந்த சரக்கே விற்கவில்லை, இன்னும் செய்து என்ன பயன் என்று கம்பெனி இயக்குநர்கள் விலகிக்கொண்டார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1895-ல் நயாகராவில் உலை எரிந்தது.

அவர் கணக்கு சரிதான். விலை இறங்கியது, விற்பனை ஏறியது. ஆனால் கடனும் ஏறியது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தாற்போல, கம்பெனி பிட்ஸ்பர்க் வங்கிக்காரர்களான மெல்லன் குடும்பத்தார் வசம் போய்விட்டது.

இதற்கிடையே இன்னொரு அதிசயம் நடந்தது. உலையில் சூடு அளவு மீறியதால் கார்போரண்டம் சிதைந்து, சுத்தமான கிராபைட் மிஞ்சியது. அதையே தொழிலாக்கி அச்சிசன் மறுபடியும் எழுந்தார். சுமார் 70 காப்புரிமைகள் பெற்றார். 1931-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, 75-ம் வயதில் காலமானார்.

சென்னைக்கு வந்த சக்கரம்

1954-ல் முருகப்பா குழுமத்தார் அமெரிக்கக் கார்போரண்டம் கம்பெனியுடனும் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியுடனும் கூட்டுச் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியைச் சென்னையில் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் சாணைச் சக்கரங்கள் உருவாயின.

அதே 1954-ன் கடைசியில், அச்சிசன் தேடிய செயற்கை வைரம் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. அடுத்த ஆண்டு அதை அறிவித்தார்கள்.

இன்று பெரிய கான்கிரீட் வேலைக்கு வைரப் பிளேடுதான். எஃகு வட்டின் விளிம்பில் உலோகத்தூளோடு வைரத் துகளைச் சேர்த்துப் பதித்திருப்பார்கள். வெட்டும்போது தண்ணீர் விடுவார்கள். பிளேடு சூடேறாமல் இருக்க மட்டும் அல்ல. கான்கிரீட் தூசி நுரையீரலில் படிந்தால் மூச்சையே அடைத்து விடும். தண்ணீர் அந்தத் தூசியை அமுக்கி விடுகிறது. கைக் கிரைண்டரில் சிறு வெட்டுப் போட இன்றும் கார்போரண்டம் சக்கரம் உண்டு.

வைரப் பிளேடு வழவழப்பாகி வெட்ட மறுப்பதும் உண்டு. அப்போது கார்போரண்டம் கல் ஒன்றில் அதை நாலு தடவை ஓட்டுவார்கள். மேலே மூடிய உலோகம் தேய்ந்து, உள்ளே இருக்கும் வைரத் துகள் மறுபடியும் வெளியே தலைகாட்டும்.