விக்டர் கிரிக்னார்டு

விக்டர் கிரிக்னார்டு (பிரெஞ்சு ஒலிப்பு: கிரின்யார், மே 6, 1871 – டிசம்பர் 13, 1935) ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் ஆவார். மக்னீசியத்தையும் கரிம ஹாலைடுகளையும் கொண்டு கரிம உலோகச் சேர்மங்களை உருவாக்கும் எளிய முறையை இவர் 1900 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இம்முறையில் கிடைக்கும் சேர்மம் கிரிக்னார்டு வினைப்பொருள் எனப்படுகிறது. இதற்காக 1912 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசை பவுல் சபாட்டியேயுடன் பகிர்ந்து கொண்டார்.

இளமையும் கல்வியும்

கிரிக்னார்டு பிரான்சின் வடகரையில் உள்ள செர்பூர் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். இவருடைய தந்தை கப்பற்பாய் தைக்கும் தொழிலைச் செய்தவர். ஆசிரியராகும் நோக்குடன் இவர் குளூனி நகரில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் அப்பள்ளி மூடப்படவே, லியோன் நகருக்கு மாற்றப்பட்டார். அங்கு கணிதப் பட்டத் தேர்வில் முதலில் தோல்வியுற்றார். கட்டாய இராணுவப் பணியை முடித்துத் திரும்பிய பின் 1894 இல் பட்டம் பெற்றார். தொடக்கத்தில் இவருக்கு வேதியியலில் நாட்டம் இல்லை. நண்பர் ஒருவரின் தூண்டுதலால் வேதியியல் ஆய்வகத்தில் பணியேற்றார். பின்னர் பேராசிரியர் பிலிப் பார்பியேயிடம் ஆய்வு மாணவரானார்.

கண்டுபிடிப்பு

எட்வர்டு பிராங்க்லாந்து 1849 இலேயே துத்தநாகத்தையும் எத்தில் அயோடைடையும் கொண்டு கரிமத் துத்தநாகச் சேர்மத்தை உருவாக்கியிருந்தார். ஆனால் அத்தகைய சேர்மங்கள் காற்றுப்பட்டாலே தீப்பற்றுபவை, கையாளக் கடினமானவை. துத்தநாகத்துக்குப் பதிலாக மக்னீசியத்தைப் பயன்படுத்திய பார்பியே, கீட்டோன், மெத்தில் அயோடைடு, மக்னீசியம் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே ஈதரில் சேர்த்தார். இதன் முடிவை 1899 இல் வெளியிட்டார். எனினும் விளைச்சல் சீராக இல்லாததால் இப்பொருளை மேலும் ஆராயும்படி தம் மாணவரிடம் ஒப்படைத்தார்.

கிரிக்னார்டு செய்த மாற்றம், வினையின் வரிசையை மாற்றியதே ஆகும். முதலில் நீரற்ற ஈதரில் மக்னீசியத்தையும் ஹாலைடையும் மட்டும் வினைபுரியச் செய்தார். கிடைத்த கரைசலைப் பிரித்தெடுக்காமல் அப்படியே வைத்து, அதன் பின்னரே கீட்டோன் அல்லது ஆல்டிகைடைச் சேர்த்தார்.

இவ்வினையில் கார்பனுக்கும் ஹாலசனுக்கும் இடையே மக்னீசியம் நுழைகிறது. இதனால் அக்கார்பன் சிறிதளவு எதிர்மின் தன்மை பெற்று, கார்பனைல் தொகுதியின் கார்பனோடு பிணைகிறது. பின்னர் நீர் அல்லது நீர்த்த அமிலம் சேர்த்தால் ஆல்ககால் கிடைக்கும். பார்மால்டிகைடு ஓரிணைய ஆல்ககாலையும், பிற ஆல்டிகைடுகள் ஈரிணைய ஆல்ககாலையும், கீட்டோன்கள் மூவிணைய ஆல்ககாலையும் தருகின்றன. கார்பன் டைஆக்சைடுடன் வினைபுரிந்தால் கார்பாக்சிலிக் அமிலம் கிடைக்கும். ஈதரின் ஆக்சிசன் அணுக்கள் மக்னீசியத்துடன் இணைந்து வினைப்பொருளை நிலைப்படுத்துகின்றன. சிறிதளவு நீர் இருந்தாலும் வினைப்பொருள் சிதைந்து ஐதரோகார்பனாக மாறிவிடும். எனவே கலன்கள் நன்கு உலர்ந்திருத்தல் இன்றியமையாதது.

பணியும் இறுதிக்காலமும்

இவ்வாய்வுக்காக 1901 இல் லியோன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கிரிக்னார்டு, பின்னர் நான்சி நகரில் பேராசிரியரானார். முதல் உலகப் போரின்போது நச்சு வளிகள் தொடர்பான ஆய்விலும் ஈடுபடுத்தப்பட்டார். 1919 இல் பார்பியேயின் இடத்துக்கு லியோன் திரும்பி, இறக்கும் வரை அங்கேயே பணியாற்றினார்.

நோபல் பரிசில் பார்பியேக்குப் பங்கு அளிக்கப்படவில்லை. தம் ஆசிரியருக்கும் அப்பெருமை கிடைத்திருக்க வேண்டும் என்பதே கிரிக்னார்டின் கருத்தாக இருந்தது. மூன்று பொருள்களையும் ஒன்றாகச் சேர்க்கும் பழைய முறை இன்று பார்பியே வினை எனவும், இரு படிகளில் செய்யும் முறை கிரிக்னார்டு வினை எனவும் வழங்குகின்றன. கரிம வேதியியலில் இவ்விரண்டும் இன்றளவும் பயன்பாட்டில் உள்ளன.