அழுத்தத்தை அடக்கிய வேர்

பம்பு பிரஷர் எகிறினால் பைப்பு வெடிக்கும். நம்ம உடம்பிலும் அதே கதைதான். ரத்த அழுத்தம் ஏறினால் இதயம் திணறும், சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் கெடும்.

டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1911-ல் பம்பாயில் பிறந்தார். லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பினார். அப்போது இந்த நோய்க்கு நல்ல மாத்திரை கிடையாது. பாம்புக்கடிக்கும் புத்தி பேதலிப்புக்கும் நாட்டு வைத்தியர்கள் கொடுத்த சர்ப்பகந்தி வேரை அவர் கையில் எடுத்தார். 50 நோயாளிகளுக்குக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து அளந்து குறித்தார். 1949-ல் இங்கிலாந்தின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது!

1952-ல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பு முனையில் சேர்ந்திருக்கும் நார்அட்ரினலினை அது காலி செய்யும். அதனால் இறுகிய ரத்தக்குழாய்கள் தளரும், இதயத்தின் சுமை குறையும். ஆனால் சிலருக்கு மனச்சோர்வு வந்ததால், பிறகு வேறு மாத்திரைகள் அதன் இடத்தைப் பிடித்தன.

1957-ல் லாஸ்கர் விருதும், 1958-ல் பத்மபூஷணும் பெற்ற வக்கீல் 1974-ல் மறைந்தார்.

கீழமாசி வீதியில் மூட்டை தூக்கும் எங்கப்பா, தலைசுத்தல் நின்னதும் மாத்திரையை நிறுத்திட்டாரு. தெம்பு வேற, அழுத்தம் வேற, அளந்தால்தான் தெரியும் என்று இந்த டாக்டர் கதையைச் சொன்னேன். இப்ப தினமும் சாப்பிடுறாரு. உங்க வீட்டிலும் கேளுங்கள் நண்பர்களே!