டாக்டர் திமதி லூயிஸ்

வெள்ளகோவில் கடைவீதியில் ஆட்டுக்கறியும் வெண்பன்றிக் கறியும் வாங்குவோர் விலையையும் எடையையும் குறித்து வழக்காடுவரேயன்றி, கறியினுள் குடியிருக்கக்கூடிய புழுவைப் பற்றிக் கேளார். அதனைக் கேட்டு, இந்திய மண்ணிலேயே விடை கண்ட வைத்தியர் ஒருவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

திமதி ரிச்சர்ட்ஸ் லூயிஸ் 1841-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டிலே பிறந்தார். இளமையில் மருந்துக் கடையொன்றில் தொழில் பயின்று, 1867-இல் அபர்தீன் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் இராணுவ வைத்தியராகி, வாந்திபேதியின் காரணத்தை ஆராயுமாறு தோழர் கன்னிங்ஹாமுடன் அனுப்பப்பெற்று, 1869-இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். அக்காரணம் அவர்க்குப் பிடிபடவில்லை. 1884-இல் கோக் அதனைக் கண்டு கூறியபொழுதும் லூயிஸ் ஒப்ப மறுத்தது அவர் வாழ்க்கையில் ஒரு குறையே. எனினும் 1872-இல் மனித இரத்தத்தினுள் யானைக்கால் நோய்க்குரிய நுண்புழுவைப் பூதக்கண்ணாடியாற் கண்டவர் அவரே.

நாம் கூறவந்தது அவ்வாண்டிலேயே அவர் வெளியிட்ட மற்றோர் அறிக்கையைப் பற்றி. அக்காலத்தில் பஞ்சாபிலிருந்த பட்டாளங்களுக்கென வெட்டப்பட்ட மாட்டிறைச்சியிற் சிறு நீர்க்கொப்புளங்கள் காணப்பட்டன. ஒவ்வொரு கொப்புளத்துள்ளும் நாடாப்புழுவின் குஞ்சொன்று ஒடுங்கிக் கிடக்கும். வேகாத கறியோடு வயிற்றிற் சென்றால் அது குடலைப் பற்றிக்கொண்டு பல முழ நீளம் வளரும். இறைச்சியை முழுதும் அழித்துவிடுவதா, உண்ண விடுவதா? லூயிஸ் ஊகித்து விடையளிக்கவில்லை. கொப்புளங்களைப் பல அளவான சூட்டில் வைத்து, எச்சூட்டிற் புழு மடிகின்றதெனச் சோதித்தார். நீர் கொதிக்கும் சூட்டிற்கு வெகு கீழேயே அது மடிந்தது. ஆகவே நன்றாக வெந்த கறியால் அபாயமில்லை என்பது அவர் முடிபு.

சூடு கறியின் நடுவினை எட்டவேண்டும் என்பதே இதில் உயிரான செய்தி. முழுத்துண்டின் நடுப்பகுதி 63 பாகை செண்டிகிரேடும், கொத்துக்கறி 71 பாகையும் சூடேறவேண்டுமென இக்காலத்தார் வரையறுத்துள்ளனர். நம் வீட்டுக் குழம்புச் சட்டியில் நெடுநேரம் கொதிக்கும் சிறு துண்டுகளைப் பற்றி அஞ்சவேண்டுவதில்லை. மேலே கருகி உள்ளே சிவந்திருக்கும் சுட்ட கறியே ஐயத்திற்குரியது.

பன்றிக் கறியால் வரும் நாடாப்புழுவோ இன்னுங் கொடியது. அதனை வயிற்றிற் சுமப்பவனுடைய மலத்தோடு முட்டைகள் வெளிப்படும். மலங்கழித்தபின் சோப்பிட்டுக் கழுவாத கையாலும், அலசாத கீரையாலும் அவை பிறர் வாயிற் புகுந்தால், குஞ்சுகள் மூளையிற் சென்று தங்கி வலிப்பை உண்டாக்கும். கறியையே தொடாத சைவர்க்கும் இதினின்று விலக்கில்லை! வேலூர்ப் பகுதியில் வலிப்பு நோயாளரை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டவர்கள், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர்க்கு இப்புழுவே காரணமெனக் கண்டனர். அடுப்பு காப்பது பாதி. மற்றப் பாதியைக் காப்பது கழிப்பிடமும் தண்ணீருமே.

லூயிஸ் பின்னரும் ஓய்ந்திருக்கவில்லை. எலியின் இரத்தத்தில் அவர் கண்ட ஒற்றையணுவுயிர் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1883-இல் தாய்நாடு மீண்டு, நெட்லி இராணுவ வைத்தியப் பள்ளியில் ஆசிரியரானார். 1886-ஆம் ஆண்டு மே மாதத்தில், நாற்பத்துநான்காம் வயதில், நுரையீரற் சுரத்தால் இறந்தார். சிதறிக் கிடந்த அவருடைய அறிக்கைகளை நண்பர்கள் தொகுத்து 1888-இல் நூலாக அச்சிட்டனர்.