தமிழ்த் தட்டச்சு அமைத்த முத்தையா

சென்ற விடுமுறையிற் போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்பனை நடைபெறும் கூடத்தைக் காணச் சென்றிருந்தோம். கூச்சலை எதிர்பார்த்துச் சென்ற நமக்கு ஆண்டிருந்த அமைதி வியப்பளித்தது. வியாபாரிகள் கணினிகளின் முன் அமர்ந்து, வாய் திறவாது, விசையைத் தட்டியே விலை கேட்டுக்கொண்டிருந்தனர். போடிமெட்டுக்கு மேலேயுள்ள தோட்டங்களிற் பறித்து, ஸ்டோர்களில் உலர்த்திய காய் அவ்விதமே கைமாறுகிறது. விசைக்குத் தமிழைப் பழக்கிய பெரியார் ஒருவர் அப்பொழுது நம் நினைவுக்கு வந்தார். அவர் சரிதத்தைச் சுருங்க வரைவோம்.

திரு. ஆர். முத்தையா அவர்கள் 1886ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 24ஆம் நாள் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்தார். 1907இற் கப்பலேறி மலாயா நாடு சென்றார். ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் அக்காலத்தில் உத்தியோகம் நாடிச் சென்ற வழி அதுவே. ஆண்டு எழுத்தர் வேலையில் அமர்ந்து, 1930 வரையில் வணிக நிறுவனமொன்றிற் பணிபுரிந்தார். ஆங்கிலக் கடிதங்களை நொடியில் எழுதித்தரும் பொறி தம் தாய்மொழிக்கு வேண்டுமென்னும் எண்ணம் அவரை விடவில்லை.

எண்ணுவது எளிது. ஆங்கிலத்திற்கு எழுத்து 26; தமிழுக்கோ 247. அத்தனைக்கும் விசை அமைத்தாற் பொறி மேசையளவாகும். ஆகவே அவர் எழுத்துக்களைக் கூறுபடுத்தினார். கொம்பும் காலும் தனி விசைகளாயின. புள்ளிதான் இடர் விளைத்தது. எழுத்தைத் தட்டியவுடன் பொறியின் வண்டி ஓரிடம் நகர்ந்துவிடுமாகையால், புள்ளி எழுத்தின் தலைமேல் வீழாது பக்கத்தில் வீழும். அதற்கென்று அவர் அமைத்தது நகரா விசை. புள்ளியை முதலில் தட்டினால் வண்டி அசையாது நிற்கும். பின்னர் எழுத்தைத் தட்ட, அது புள்ளியின் கீழ்ச் சென்று பொருந்தும். கையால் எழுதுங்கால் எழுத்து முன்னும் புள்ளி பின்னுமாக வருவது, பொறியில் முறை மாறிற்று. தட்டச்சுப் பள்ளியில் முதல் வாரம் நாம் பட்ட பாடெல்லாம் இதனாலேயே!

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஸைடல் நௌமன் கம்பெனியார் அவர் வகுத்தவாறு பொறிகளைச் செய்தளித்தனர். இரண்டாம் உலகப் போரில், 1945 பெப்ருவரியில், அந்நகரம் குண்டுகளால் அழிவுற்றது. போருக்குப்பின் அப்பகுதி சோவியத் ஆட்சிக்குட்பட்டது. பொறி செய்த ஊர் அவ்வாறாயினும், நகரா விசை என்னும் உபாயம் தமிழ்த் தட்டச்சில் நிலைத்துவிட்டது.

அவர் எதிர்ப்பட்ட இடர் இன்றும் தீர்ந்தபாடில்லை. நாம் ஏலச் சாகுபடிச் சொற்களைத் திரட்டி, டிட்லிவிக்கி என்னும் செயலியிற் குறிப்பேடாக வைத்திருக்கிறோம். ஜெரமி ரஸ்டன் என்பார் 2004இல் வெளியிட்டது அது. சுட்டெலியைத் தொடாது விசைகளாலேயே அதனை ஆளவேண்டுமென்பது நம் பிடிவாதம். கை விசைப்பலகையை விட்டு நீங்குந்தோறும் கருத்தும் நீங்குகிறது. கன்ட்ரோலுடன் என்டரைத் தட்டினாற் குறிப்பு நிலைபெறும். எஸ்கேப்பைத் தட்டினால் திருத்தம் கைவிடப்படும். இவை எம்மொழியிலும் தடையின்றி நடக்கும். ஆனால் ஒரு குறிப்பை மற்றொன்றோடு இணைக்க இரட்டைப் பகர அடைப்பு வேண்டும். 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 பலகையிலோ அவ்விரு விசைகளிலும் சகரமும் ஞகரமும் குடியிருக்கின்றன! அடைப்பிடுதற்கு ஆங்கிலத்திற்கு மாறி, மீண்டும் தமிழுக்கு வரவேண்டியிருந்தது. எழுத்து மிகுதி, விசை குறைவு என்ற முத்தையாவின் கணக்கே அது. கன்ட்ரோலுடன் எல் விசையைச் சேர்த்தால் அடைப்பைத் தட்டாமலே இணைப்பு அமையுமென்று அறிந்தபின் அவ்வலைச்சல் ஒழிந்தது.

மற்றொரு சிக்கல் எவ்விசைக்கும் அடங்கவில்லை. மலையில் விளையும் காய்க்கும், போடியில் விலை கூறும் விற்பனைக்கும் ஏலமென்பதே பெயர். இரண்டாவதற்கு அத்தலைப்பை இட முயன்றபோது, அது முன்னரே உளதென்று செயலி எச்சரித்தது. காய்க்கே அதனை விட்டு, மற்றதற்கு ஏலவிற்பனை எனப் பெயரிட்டோம்.