பாட்டு வாத்தியார் கண்ணாடி

போன வருஷம் சைட்டில் கத்திக் கத்தி என் குரல் கம்மிப் போச்சு. டாக்டர் சின்னக் கண்ணாடி ஒன்றைச் சூடு காட்டி, தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். டாக்டர்களுக்கே இந்த வழியைக் காட்டியவர் ஒரு பாட்டு வாத்தியார் என்று அப்புறம்தான் படித்தேன்.

1805-ல் ஸ்பெயினில் பிறந்த மானுவேல் கார்சியாவுக்குப் பாடகர் குடும்பம். இளம் வயதிலேயே குரல் கெட்டு மேடையை விட்டார். குரல் ஏன் கெடுகிறது என்ற கேள்வியை மட்டும் விடவில்லை. ராணுவ ஆஸ்பத்திரிகளில் தொண்டையின் அமைப்பைப் படித்தார். 1841-ல் குரல் பழுதாகி வந்த ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்டை முதலில் சில வாரம் பாடவே விடவில்லை. பிறகுதான் பயிற்சி.

1854-ல் பாரீஸ். ஒரு பல் டாக்டர் கண்ணாடி, ஒரு கைக்கண்ணாடி, சூரிய வெளிச்சம். அவ்வளவுதாங்க கருவி! ஆவி படியாமலிருக்க வெந்நீரில் சூடாக்கி, தன் குரல் நாண்கள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். 1855-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதை எழுதினார். சில வருஷத்தில் டர்க், செர்மாக் என்ற டாக்டர்கள் நோயாளிகளைப் பார்க்கும் முறையாக அதை வளர்த்தார்கள்.

1906-ல், 101 வயதில் காலமானார். இழந்த மேடை அவருக்குத் திரும்பவில்லை. எத்தனையோ பேர் குரல் பிழைத்தது. படிக்கும் தம்பி தங்கைகளே, தோற்ற இடத்திலேயே கேள்வியைத் தொடங்குங்கள்.