அதட்டாமல் ஆண்ட காப்டன் பிராங்க் வொரல்

1960 டிசம்பர் 14ஆம் தேதி மாலை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடந்த டெஸ்ட் பந்தயத்தின் கடைசி ஓவர். அந்நாளில் அங்கே ஓவருக்கு எட்டுப் பந்துகள். ஆஸ்திரேலியாவுக்கு வேண்டியது 6 ரன். கையில் மூன்று விக்கெட்டுகள். பந்து வெஸ்லி ஹால் கையில் இருந்தது.

எகிறுபந்து வேண்டாம் என்று காப்டன் சொல்லியிருந்தார். ஹால் வேகத்தில் அதையே வீசினார். பெனோ அடிக்கப் போய் அவுட்டானார். துள்ளி வந்த ஹாலிடம், சொன்ன சொல்லைக் கேட்காததை மட்டும் காப்டன் மெதுவாக நினைவுபடுத்தினார். சற்று நேரத்தில் உயரே எழுந்த ஒரு பந்தைப் பிடிக்கக் கன்ஹாய் தயாராக நின்றார். ஹாலே குறுக்கே பாய்ந்து கோட்டைவிட்டார். வேறு காப்டனாக இருந்தால் மைதானத்திலேயே வசை விழுந்திருக்கும். இவர் குரலை உயர்த்தவில்லை. ஸ்கோர் சமமாகி ஒரே விக்கெட் மிஞ்சியபோது ஹாலிடம் போய், இப்போது நோ-பால் போட்டால் சொந்த ஊர் பார்படாஸில் இறங்க முடியாது என்று வேடிக்கையாக எச்சரித்தார். அடுத்த பந்தில் இந்திய வம்சாவளியினரான ஜோ சாலமன் எறிந்த எறியில் ஸ்டம்பு விழுந்தது. டெஸ்ட் வரலாற்றில் முதல் ‘டை’ அதுதான். இரண்டாவது, 1986ல் நமது சேப்பாக்கத்தில் நடந்தது.

அந்தக் காப்டன்தான் பிராங்க் வொரல். 1924 ஆகஸ்டு 1ஆம் தேதி பார்படாஸ் தீவில் பிறந்தவர். வீக்ஸ், வால்காட், வொரல் மூவரும் ஒரே தீவுக்காரர்கள்; மூன்று ‘டபிள்யூ’க்கள் என்று உலகம் அழைத்தது. வொரல் பேட் கட்டிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கும்போது பவிலியனில் அயர்ந்து தூங்கிவிடுவார். 51 டெஸ்டுகளில் 3,860 ரன்களும் 69 விக்கெட்டுகளும் எடுத்தார். காமன்வெல்த் அணியுடன் இந்தியாவுக்கு வந்து, கான்பூரில் அவுட்டாகாமல் 223 ரன் குவித்ததும் உண்டு.

இவ்வளவு இருந்தும் காப்டன் பதவி மட்டும் எளிதில் கிட்டவில்லை. அணியில் பெரும்பாலோர் கறுப்பர்கள். தலைமை மட்டும் வெள்ளையருக்கு என்பது அங்கே எழுதாத சட்டம். 1948ல் ஜார்ஜ் ஹெட்லி ஒரே ஒரு டெஸ்டுக்குத் தலைமை ஏற்றார். அதன்பின் கதவு மூடிக்கொண்டது. எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் திரினிடாடில் பத்திரிகை மூலம் போராடினார். 1960ல் வொரல் நியமனமானபோது வயது 36. ஆட்டக்காரர்கள் ஓய்வை நினைக்கும் வயது!

அவர் கையில் கிடைத்த அணி சேர்ந்த அணி அல்ல. தீவுக்குத் தீவு பொறாமை. பார்படாஸ்காரர் ஒரு மூலையில், ஜமைக்காகாரர் இன்னொரு மூலையில் என்று பிரிந்து கிடந்த காலம். வெளியூரில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ஜில்லாவாரியாகக் கூடுவது நம்மவரிடமும் உண்டே. வொரல் அந்தக் கோஷ்டிகளைக் கலைத்தார், சட்டம் போட்டு அல்ல. மூத்தவர், இளையவர் என்று பாராமல் ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து பேசிப் பேசியே. முந்தைய காப்டன் ஜெர்ரி அலெக்சாண்டர் கேம்பிரிட்ஜில் படித்தவர். பதவி போனதில் மனக்கசப்பு வந்திருந்தால் நியாயமே. ஆனால் வொரலின் கீழ் விக்கெட் கீப்பராக உழைத்து, அந்தத் தொடரில் அணியின் பேட்டிங் சராசரியில் முதலிடம் பெற்றார். ஒரு காப்டனுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அடிலெய்டு டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் கடைசி ஜோடி ஆடுகிறது. வொரல் வீசிய பந்தைச் சோபர்ஸ் பிடித்துவிட்டதாக நினைத்து, வெற்றி என்று ஆட்டக்காரர்கள் நடக்கத் தொடங்கினர். அம்பயர் அவுட் இல்லை என்றார். வொரல் மறுபேச்சின்றித் திரும்பி வந்து பந்து வீசினார். அந்த ஜோடி கடைசிவரை நின்று பந்தயத்தை டிரா ஆக்கியது. தொடரை 2-1 என்று இழந்தவர்களுக்கு மெல்போர்ன் வீதிகளில் திரண்ட ஜனக்கூட்டம் வழியனுப்பு விழா நடத்தியது. இரு நாடுகளும் மோதும் தொடரின் கோப்பைக்கே வொரல் பெயர் வைக்கப்பட்டது. 1963ல் இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே 3-1 என வென்று, காப்டன் பதவியைச் சோபர்ஸுக்கு விட்டு விலகினார். 1964ல் ‘சர்’ பட்டம் வந்தது.

1962 மார்ச்சில் பார்படாஸில் கிரிபித் வீசிய பந்து இந்தியக் காப்டன் நாரி காண்ட்ராக்டரின் தலையைத் தாக்கியது. நம் ரயில்வே அணிக்கும் ஆடியவர் அவர். மண்டை எலும்பு உடைந்து உயிருக்கே ஆபத்து. எதிரணிக் காப்டன் வொரல் தாமே முன்வந்து இரத்தம் கொடுத்தார். இந்திய வீரர்கள் போர்டே, நட்கர்னி, உம்ரிகர் ஆகியோரும் கொடுத்தனர். காண்ட்ராக்டர் பிழைத்தார்; ஆனால் மீண்டும் டெஸ்ட் ஆடவில்லை. பிற்பாடு தமிழ்நாட்டில் அவர் தலையில் வைக்கப்பட்ட உலோகத் தகடு, 60 ஆண்டுகள் கழித்து 2022ல்தான் மும்பையில் அகற்றப்பட்டது.

இரத்தம் கொடுத்தவரையே இரத்தப் புற்றுநோய் பிடித்தது. இந்தியாவுக்கு வந்து திரும்பிய சில வாரங்களில், 1967 மார்ச் 13ஆம் தேதி ஜமைக்காவில் வொரல் மறைந்தார். வயது 42. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவுப் பிரார்த்தனை நடந்தது. விளையாட்டு வீரர் ஒருவருக்கு அங்கே நடந்த முதல் பிரார்த்தனை அது. வங்காள கிரிக்கெட் சங்கம் 1981 முதல் பிப்ரவரி 3ஆம் தேதியை அவர் பெயரால் இரத்த தான நாளாக நடத்தி வருகிறது.