சித்தியவானுக்கு வந்த ஜான் சங்: முடிவுக்கு ஆயத்தமாகச் சொன்ன சீனப் பிரசங்கியார்

ஆயர் தாவாரிலிருந்து சித்தியவானுக்குப் போகிறவர்களின் கண்ணில் சீன மெதடிஸ்ட் தேவாலயங்கள் படாமல் இருக்காது. இந்த வட்டாரத்தில் அவை இவ்வளவு வேரூன்றியதற்கு 1903-ஆம் ஆண்டுக் குடியேற்றமே காரணம். அந்த ஆண்டு செப்டம்பரில் சீனாவின் பூச்சௌ பகுதியிலிருந்து முன்னூறுக்கும் மேற்பட்டோர் சித்தியவானுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். லூரிங் என்ற ஜெர்மானிய மெதடிஸ்ட் மிஷனரி அவர்களை அழைத்து வருவதில் முன்நின்றார். காட்டை அழித்தார்கள், பயிர் வைத்தார்கள், சில ஆண்டுகளில் ரப்பரும் நட்டார்கள். அந்தச் சிறு தோட்டங்களுக்கு அப்பால், வெள்ளைக்காரர்களின் பெரிய தோட்டங்களில் தமிழர்கள் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே மழை, ஒரே மலேரியாக் காய்ச்சல், மொழிதான் வேறு.

மலாயாவின் சீனக் கிறிஸ்தவர்களை 1930-களில் உலுக்கிய ஒருவர் இந்தச் சித்தியவானுக்கும் வந்து பேசினார். அவர்தான் டாக்டர் ஜான் சங். சீனப் பெயர் சொங் ஷாங்ஜியே. கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்கு ஆயத்தப்படுங்கள் என்பது அவர் பிரசங்கங்களில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. போர் மூண்டாலும் நோய் பரவினாலும் உலக முடிவைப் பற்றிய பேச்சும் காணொளியும் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும் இந்த நாளில், ஆயத்தம் என்பதற்கு அவர் என்ன பொருள் கொண்டார் என்பது அறியத் தக்கது.

ஜான் சங் 1901 செப்டம்பர் 27-ஆம் நாள் சீனாவின் பூச்சியன் மாநிலத்தில் ஹிங்குவா வட்டாரத்தில் பிறந்தார். தந்தை மெதடிஸ்ட் போதகர். பிள்ளைகள் நிறைந்த வீடு, குறைந்த சம்பளம். 1909-இல் ஹிங்குவா சபைகளில் பெரிய எழுப்புதல் ஏற்பட்டது. ஊரே அழுது பாவ அறிக்கை செய்ததைச் சிறுவன் சங் பார்த்தான். பதின்மூன்று வயதுக்குள் தந்தைக்குப் பதிலாகச் சில இடங்களில் பிரசங்கம் செய்யும் அளவுக்கு வந்துவிட்டான். ஊர்க்காரர்கள் அவனைக் குட்டிப் போதகர் என்று அழைத்தார்கள்.

1920-இல் படிப்பதற்காக அமெரிக்கா போனார். கையில் பணமில்லை. புல் வெட்டினார், தரை துடைத்தார், கிடைத்த வேலையெல்லாம் செய்தார். ஒஹாயோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1926-இல் வேதியியலில் முனைவர் பட்டமும் பெற்றார். ஊரில் குட்டிப் போதகராக இருந்தவர் இப்போது விஞ்ஞானி. ஆனால் மனதில் அமைதி இல்லை. அதே ஆண்டு நியூயார்க்கிலுள்ள யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கிடைத்த நவீன இறையியலோ இருந்த விசுவாசத்தையும் ஆட்டிவிட்டது. வேறு சமயங்களின் நூல்களையும் புரட்டிப் பார்த்தார். அந்தக் காலத்தில் நியூயார்க்கில் பேசிய ஒரு சிறுமிப் பிரசங்கியின் கூட்டத்துக்குப் போனார். படிப்பாளிகளிடம் காணாத ஒரு வல்லமையை அந்தப் பிள்ளையிடம் கண்டதாக அவர் வரலாறு கூறுகிறது.

1927 பிப்ரவரி 10-ஆம் நாள் இரவு அவர் வாழ்க்கை திரும்பியது. அறையில் தனியாக அழுது ஜெபித்துக்கொண்டிருந்தவர், தம் பாவங்கள் மன்னிக்கப்பட்டதாக உணர்ந்தார். அதற்குப்பின் கண்டவர்களிடமெல்லாம் அதைப் பற்றியே பேசினார், பாடினார். கல்லூரி நிர்வாகம் அவருக்கு மூளை கலங்கிவிட்டதென்று நினைத்து மனநல மருத்துவமனையில் சேர்த்தது. அங்கே அவர் இருந்தது 193 நாட்கள். அந்த நாட்களில் வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை நாற்பது முறை படித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். உண்மையிலேயே மனம் கலங்கியிருந்ததா, இல்லையா என்று இன்றும் சிலர் வாதாடுவதுண்டு. வாதம் எப்படிப் போனாலும், அங்கிருந்து வெளியே வந்தவர் மிகத் தெளிவான ஒரு தீர்மானத்தோடு வந்தார்.

1927 அக்டோபரில் சீனாவுக்குக் கப்பல் ஏறினார். வரும் வழியில் பட்டங்களையும் பதக்கங்களையும் கடலில் எறிந்துவிட்டதாகவும், தந்தைக்காக முனைவர் பட்டச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டதாகவும் சொல்லப்படுகிறது. இனித் தமக்கு இருப்பது பதினைந்து ஆண்டு ஊழியம் என்று அவர் நம்பினார். அதை மும்மூன்று ஆண்டுகளாகப் பிரித்து ஐந்து பெயர் வைத்தார்: தண்ணீர், வாசல், புறா, இரத்தம், கல்லறை. கடைசிப் பெயரைக் கவனியுங்கள். உலகத்தின் முடிவைப் பேசுவதற்கு முன்பே தம் முடிவைக் கணக்கில் எழுதி வைத்துக்கொண்ட மனிதர் அவர்.

சொந்த வட்டாரத்துக் கிராமங்களில் தொடங்கினார். 1931 முதல் 1933 வரை ஷாங்காயின் பெத்தேல் குழுவோடு சீனா முழுவதும் சுற்றினார். பிறகு தனியே. வெள்ளைப் பருத்தி அங்கி, நெற்றியில் விழும் முடி, கரகரத்த குரல். மேடையில் நின்று பேச மாட்டார். ஓடுவார், குதிப்பார், பாடுவார். சின்னச் சவப்பெட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டிப் பாவத்தின் சம்பளத்தை விளக்குவார். கரி அடுப்பை விசிறிக் காட்டி, பரிசுத்த ஆவி உள்ளத்தில் நெருப்பை எப்படி மூட்டுகிறது என்பார். வேதியியல் முனைவர் இப்படித் தெருக்கூத்துப் போல் செய்கிறாரே என்று முகம் சுளித்த படிப்பாளிகள் உண்டு. பாமர மக்களுக்கோ அதுதான் புரிந்தது.

ஆயத்தம் என்றால் அவருக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அல்ல, கணக்கைத் தீர்ப்பது. கூட்டத்தில் பாவங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்குவார். பொதுவாக நான் பாவி என்று சொல்லித் தப்பிக்க அவர் விடமாட்டார். திருடியதைத் திருப்பிக் கொடு, பேசாமலிருக்கும் அண்ணன் தம்பியிடம் போய்ப் பேசு, அபினையும் சூதாட்டத்தையும் விடு என்பார். அவர் கூட்டங்களுக்குப் பிறகு பழைய கடனைத் திருப்பிக் கொடுத்தவர்களும், பல ஆண்டுப் பகையை முடித்துக்கொண்டவர்களும் ஏராளம். போதகர்களே எழுந்து நின்று அறிக்கை செய்த சபைகளும் இருந்தன.

இரண்டாவது, சும்மா உட்கார்ந்திருக்க விடமாட்டார். மனந்திரும்பியவர்களை இரண்டு மூன்று பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, வாரம் ஒரு முறையாவது வெளியே போய் நற்செய்தி சொல்லப் பொருத்தனை செய்ய வைப்பார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சிறு கொடி. கடைக்காரர், ஆசிரியை, தையல்காரி, மாணவன் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

1935 ஆகஸ்டு இறுதியில் சிங்கப்பூர் வந்தார். தெலுக் ஆயர் சீன மெதடிஸ்ட் தேவாலயத்தில் இரண்டு வாரம், நாளுக்கு மூன்று கூட்டம். அவர் மாண்டரின் பேச, பக்கத்தில் ஒருவர் உள்ளூர்ச் சீன மொழியில் அதே வேகத்தில் மொழிபெயர்ப்பார். அவர் குதித்தால் மொழிபெயர்ப்பாளரும் குதிக்க வேண்டியிருந்ததாம். சிங்கப்பூரில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் உருவாயின. 1939 வரை பல முறை இந்தப் பக்கம் வந்தார். மலாயாவின் ஊர்களுக்கும், பூச்சௌ குடியேற்றமான சித்தியவானுக்கும், சரவாக்கின் சிபுவுக்கும் போனார். அவரோடு உழைத்த லியோனா வூ என்ற பெண்மணி 1937-இல் சிங்கப்பூரில் தொடங்கிய சின் லியன் வேதாகமப் பள்ளி அந்த எழுப்புதலின் பலன்களில் ஒன்று.

இவரை முழுக்க முழுக்கப் புகழ்ந்துவிட்டுப் போவது நியாயமாகாது. முன்கோபி. மேடையிலேயே போதகர்களையும் மிஷனரிகளையும் கடிந்து பேசுவார். பாராட்ட வந்தவர்களிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஆண்டில் பெரும்பகுதி ஊர் ஊராகச் சுற்றியதால், மனைவி யூ சின்ஹுவாதான் பிள்ளைகளைத் தனியே வளர்த்தார். மற்றவர்கள் வீட்டுக் கணக்கைத் தீர்க்கச் சொன்னவர், தம் வீட்டில் கடன் வைத்துத்தான் போனார் என்று சொன்னால் தப்பில்லை. நோய் கட்டிலில் போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்கு அப்பா கிடைத்தார்.

அந்தக் கூட்டங்கள் சீனர்களுக்கானவை. தோட்டத் தமிழர்களுக்கு அவர் மொழி புரிந்திருக்காது. நம்மவர் தேவாலயங்களில் தமிழ் உபதேசியார்களின் குரல்தான் கேட்டது. ஆனால் அவர் பேசிப் போனதற்குப் பின் வந்த காலம் இருவருக்கும் பொதுவாக இருந்தது. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ விழுந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. சீனர்கள் வரிசையில் நிறுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். தமிழர்கள் லயங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. உலக முடிவு வந்துவிட்டதென்று அன்று எண்ணியவர்களைக் குறை சொல்ல முடியாது.

சிங்கப்பூரில் சிக்கிய வெள்ளைக்கார மிஷனரிகளை ஜப்பானியர் சாங்கி முகாமில் அடைத்தார்கள். பணம், நிர்வாகம், பிரசங்கம் எல்லாவற்றுக்கும் அவர்களையே நம்பியிருந்த சபைகள் திடீரென்று சொந்தக் காலில் நிற்க வேண்டியதாயிற்று. அப்போது ஜான் சங்கின் சின்னக் குழுக்கள் கைகொடுத்தன. வேதத்தைத் திறந்து படிக்கவும், நோயாளி வீட்டுக்குப் போய் ஜெபிக்கவும், சம்பளம் இல்லாமல் ஊழியம் செய்யவும் ஏற்கெனவே பழகிய சாதாரண ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். வருகைக்கென்று செய்த ஆயத்தம் போருக்கு உதவியது.

அப்போது ஜான் சங் பீக்கிங்கில் படுக்கையில் கிடந்தார். ஆசன மூலத்தில் இருந்த பழைய புரைநோய் முற்றிவிட்டது. 1939-இல் கடைசிச் சுற்றுப்பயணத்தின்போதே நிற்க முடியாமல் மண்டியிட்டும் படுத்தபடியும் பிரசங்கம் செய்தார். அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். நகரத்துக்கு வெளியே மேற்கு மலையில் ஒரு வீட்டில் தங்கி, தேடி வந்த சிலருக்கு வேதம் போதித்தார். நாளுக்கு மூன்று கூட்டம் பேசியவருக்கு இந்த அமைதி தண்டனையாக இருந்திருக்கும். ஆனால் இனி வரவேண்டியது ஜெப ஊழியமே என்று உடனிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பதினைந்து ஆண்டுக் கணக்கின் கடைசிப் பகுதிக்குக் கல்லறை என்று தாமே பெயர் வைத்ததை அவர் மறந்திருக்க முடியாது.

1944 ஆகஸ்டு 18-ஆம் நாள் காலையில் காலமானார். வயது 42. பீக்கிங்கின் புகழ்பெற்ற போதகர் வாங் மிங்தாவ் அடக்க ஆராதனையை நடத்தினார். போர்க்காலம் என்பதால் மலாயாவின் சபைகளுக்குச் செய்தி உடனே எட்டவில்லை.

மாணவப் பருவம் முதல் ஜான் சங் நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதி வந்தார். அன்று யாரைச் சந்தித்தார், என்ன பேசினார், எதில் தவறினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கலாசாரப் புரட்சியின்போது செங்காவலர்கள் வீட்டில் புகுந்து அந்தக் குறிப்பேடுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர் மகள் ஒருவரும் விசுவாசத்துக்காகப் பல ஆண்டுகள் சிறையிலும் உழைப்பு முகாமிலும் கழித்தார். பிற்பாடு குறிப்பேடுகள் குடும்பத்தாரிடம் திரும்பி வந்தன. மகள் ஒருவர் உட்கார்ந்து, அப்பாவின் பொடியான எழுத்தை எழுத்தெழுத்தாகப் படித்து, தொகுத்து நூலாக வெளியிட்டார்.